ஆடுவதற்கும் அனுமதிச் சீட்டா?

புது தில்லி: 2025 குடியரசு தின விழாவில் 5,000 நாட்டுப்புற, பழங்குடிக் கலைஞர்கள் கடமைப் பாதையில் ஒருசேர ஆடினர். சங்கீத நாடக அகாதெமி ஏற்பாடு செய்த அந்நிகழ்ச்சி 11 நிமிடங்கள் நீடித்தது. விஜய் சௌக் தொடங்கிப் பாதை நெடுகிலும் ஆட்டம் நடைபெற்றது அதுவே முதன்முறை. கண்ணுக்கு விருந்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால், ஆடியவர்கள் ஒருபுறம், பார்த்தவர்கள் மறுபுறம். இடையே தடுப்புகளும் காவலர்களும்.

இதற்கு நேர்மாறான ஆட்டத்தை நாடாளுமன்றச் சாலை 2013 பிப்ரவரி 14-இல் கண்டது. 2012 டிசம்பர் 16 கொடுமையின் அதிர்ச்சி அடங்காத நேரம். பெண்களின் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் பிப்ரவரி 3-இல் பிறப்பிக்கப்பட்டிருந்தது. நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் தொடங்க ஒரு வாரம் இருந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையைக் கண்டித்து உலகெங்கும் அன்று நடைபெற்ற 'ஒன் பில்லியன் ரைசிங்' இயக்கத்தின் பகுதியாகத் தலைநகரப் பெண்கள் சாலையில் இறங்கி ஆடினர். தெற்காசியாவில் அதை ஒருங்கிணைத்தவர் மறைந்த கமலா பாசின். இயக்கத்துக்காக அமெரிக்க நடனக் கலைஞர் டெபி ஆலன் வடிவமைத்த அசைவுகள், நடனப் பயிற்சி இல்லாதவரும் கற்று ஆடத்தக்கவை.

ஆடினால் சட்டம் திருந்துமா என்று அன்று ஏளனமாக நினைத்தவர்களில் நானும் ஒருவன். அது தவறு. பேருந்தில் ஏறவே பெண்கள் அஞ்சிய நாள்களில், முன்பின் அறியாதவர்களுடன் நடுச்சாலையில் ஆடியது, அந்தச் சாலை தமக்கும் உரியது என்ற கோரிக்கையே.

இத்தகைய ஆட்டத்துக்கு இன்று இடம் எங்கே? பழைய 144-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் 163-ஆவது பிரிவாகப் புதிய சட்டத்தில் தொடர்கிறது. அத்தடையாணை நடப்பில் இருக்கும்போது ஆடுவோரும் ஆர்ப்பாட்டக்காரரும் காவல் துறையின் கண்ணுக்கு ஒன்றே. ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 அக்டோபரில் தடை விதித்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, நெறிமுறைகளை வகுக்கப் பணித்தது. அவையும் போராட்டங்களை மனத்தில் கொண்டவையே. ஆங்கிலேயர் 1876-இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை நீக்கவே நாடாளுமன்றத்துக்கு 2018 ஜனவரி வரை ஆயிற்று!

புது தில்லி நகராட்சிக் குழு தன் பூங்காக்களில் சிலவற்றைக் குறிப்பிட்டு, சிறு கலைக் குழுக்களுக்கு முன்னறிவிப்பு மட்டும் போதும் என்று அறிவிக்கலாம். போக்குவரத்துக்கு இடையூறு என்பார்கள். குடியரசு தின ஒத்திகைக்காக ஆண்டுதோறும் சாலைகள் மூடப்படுவதைத் தில்லிவாசிகள் பொறுத்துக்கொள்ளத்தானே செய்கிறார்கள்?

தில்லி காவல் துறை மத்திய உள்துறையின் பொறுப்பில் உள்ளது. தமிழக உறுப்பினர் எவரேனும் கேள்வி நேரத்தில் இதை எழுப்பட்டும். அமைச்சரின் பதிலைக் குறித்துக்கொள்ளச் செய்தியாளர் மாடத்தில் காத்திருக்கிறோம்.