கூலியில்லாத வேலை மருந்தாகாது!

"ஜெயிலில் கிடக்கும் பைத்தியத்துக்கு வேலை என்ன, சம்பளம் என்ன?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். வெளியே எத்தனையோ பேர் வேலையின்றித் திண்டாடும்போது கைதிக்குத் தறியும் தையல் மிஷினுமா என்றும் கேட்கிறார்கள். ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நாம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு சங்கதி. 1951-ல் அசாமில் ஓர் ஆதிவாசி இளைஞரைப் போலீசார் பிடித்தனர். புத்தி பேதலித்தவர் என்று மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். 1967-ல் குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தனர். வீட்டுக்கு விட்டார்களா? இல்லை. திரும்பவும் ஜெயில்! 2005-ல் ஒரு ரூபாய் ஜாமீனில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. வழக்கு விசாரணை ஒரு நாளும் நடக்கவில்லை. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதி நேருமா?

பூட்டி வைத்தால் நோய் தீராது. காதில் கேட்கும் குரல்களை மாத்திரை அடக்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவருக்குக் குளிக்கவும் உடுக்கவும் நாலு பேரோடு பழகவும் மாத்திரை கற்றுத் தராது. அதற்காக ஏற்பட்டதே தொழில் சிகிச்சை. தலை வாருவதில் தொடங்குவார்கள். பிறகு துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது. இன்று பத்து நிமிஷம் மனம் நிலைத்தால், மறுவாரம் கால் மணி நேரம். அப்புறம் தறி, தையல், கூடை முடைதல். யாருக்கு எது ஏற்றது, எவ்வளவு தாங்குவார் என்று பயிற்சி பெற்றவர் கூடவே இருந்து பார்ப்பார். கத்தரியும் ஊசியும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப்படும். ஒரு சாமானைத் தன் கையால் செய்து முடித்தவர் தன்னை மறுபடி மனிதனாகக் காண்கிறார். உழைத்துப் பழகிய கை சும்மா கிடந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதைக் கதவடைப்பைக் கண்ட தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், உஷார்! வேலை என்ற பெயரால் ஜெயில்களில் நடந்ததை நாம் மறக்கவில்லை. கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தானே வெள்ளைக்காரன், அதுவும் வேலைதான்! மனத்தை ஒடிக்கவென்றே கொடுத்த வேலை. இன்றும் நோயாளிக் கைதியைக் கொண்டு ஜெயிலைப் பெருக்கி, மூட்டை சுமக்க வைத்து, ரிஜிஸ்தரில் 'சிகிச்சை' என்று எழுதினால் அது சிகிச்சையல்ல, சுரண்டல். இனாமாக வாங்கிய உழைப்பில் தயாரான மலிவுச் சரக்கு நாளைக்கு நமது கூலியைத்தான் வெட்டும். கைதிக்குக் கூலி கேட்பது நமக்காகவும்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் நியாயமான கூலி உண்டு என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மனநோயாளியை ஆஸ்பத்திரியில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தக்க ஊதியம் தரவேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு ஜெயிலிலாவது மனநல சிகிச்சை நிலையம் அமைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது.

ஒரு மாநிலத்துக்கு ஒன்று போதுமா? 2022-ஆம் ஆண்டு சர்க்கார் கணக்குப்படி இந்நாட்டு ஜெயில்களில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் ருசுவாகாதவர்கள்! இவர்களைக் கட்டாய வேலை வாங்க முடியாது. ஆகவே சும்மா பூட்டி வைக்கிறார்கள். இவர்களில் மனம் நொந்தவருக்கு வேலையுமில்லை, வைத்தியமுமில்லை.

நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு மத்திய சிறையிலும் தொழில் சிகிச்சைக் கூடம் வேண்டும். அதை நடத்த வார்டர் அல்ல, பயிற்சி பெற்றவர் வேண்டும். விரும்புகிற விசாரணைக் கைதிக்கும் அதில் இடம் வேண்டும். செய்த வேலைக்குக் கூலி வேண்டும். குணமானவருக்கு விடுதலை வேண்டும், இன்னொரு பூட்டு அல்ல!

கனவான்களுக்கு நமது பதில் இதுவே. வெளியே வேலையில்லாதவனுக்கு வேலை கொடு! உள்ளே நோயுற்றவனுக்குச் சிகிச்சை கொடு! ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்காதே!