இயந்திரப் பகுதி: பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புதிய புஷ்களும்

தில்லியில் 1964-ஆம் ஆண்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை தொடங்கிய பழங்கார்ப் பவனியைக் கண்டு வரும் நம் இளைஞர்க்குச் சில நாள் அந்த நினைவாகவே இருக்கும். சம்பாத்தியம் கைக்கு வந்ததும் ஓரிருவர் அத்தகைய வண்டியொன்றை வாங்கியும் விடுகின்றனர். வாங்கிய பின் எழும் முதற் கேள்வி, “முன்புறம் கடகடவென்கிறதே, எந்தப் புஷ் போடலாம்?” என்பது. இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரைக் கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரில் 5 லட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. ஆதலால் உதிரிப் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. (இன்று நம் நாட்டில் எம்.ஜி. என்ற பெயரில் விற்கும் வண்டிகள் வேறு. அவற்றோடு இதனைக் குழப்ப வேண்டா.)

இவ்வண்டியின் முன்சக்கரத்தைக் கீழ்ப்புறம் தாங்குவது விஷ்போன் எனப்படும் கவட்டைக் கை. அது வண்டியோடு சேரும் மூட்டில் இரும்பும் இரும்பும் உரசாதபடி இடையே அமைந்த ரப்பரே புஷ். அது வெடித்துத் தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். டயரும் ஓரத்தில் தேயும்.

மாற்றுவோர்க்கு வழிகள் மூன்று. ஆதியில் இருந்த இரு துண்டு ரப்பரையே மீண்டும் போடலாம். விலை மலிவு, ஆயுளும் குறைவு. இரண்டாவது, 1973-இல் வெளிவந்த எட்டுச் சிலிண்டர் எம்.ஜி.பி.க்கென அமைந்த புஷ். எஃகுக் குழாயோடு ஒட்டி வார்த்த ஒரே துண்டு அது. மூன்றாவது பாலியூரிதேன் புஷ். பளிச்சென்ற நிறத்தில் வரும் இதனிடமே இளைஞர் மனம் செல்கிறது. பந்தயத் தடத்தில் இது நன்று. வளைவில் சக்கரம் அசையாது நிற்கும். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வோர் அதிர்ச்சியையும் அப்படியே வண்டியின் உடலுக்கு அனுப்பிவிடும். ஞாயிறுதோறும் மனைவி மக்களோடு செல்வோர்க்கு இரண்டாவதே தக்கது என்பது நம் கருத்து.

பொருத்தும் வேலையில் முதலில் அஞ்ச வேண்டியது சுருள்வில்லுக்கு. கவட்டைக் கையைக் கழற்ற வேண்டுமாயின் அமுங்கி நிற்கும் அந்த வில்லை விடுவிக்க வேண்டும். கட்டுக்கடங்காமல் தெறித்தால் அது ஆளைக் கொல்லவும் கூடும். வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, வில்லின் கீழ்த்தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மெல்ல மெல்ல இறக்குக. பழகாதவர் தாமே முயலாமல் பட்டறையில் விடுவதே நன்று. எங்கே செய்தாலும் பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டா.

புதிய புஷ்ஷை ஏற்றச் சோப்பு நீர் போதும். எஞ்சின் எண்ணெயோ சாதாரண கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். வைஸில் வைத்து நேராக அழுத்தி, இருபுறமும் சமமாக நீட்டி நிற்குமாறு அமைக்க.

இனிச் சொல்வதைப் பட்டறைக்காரரிடம் அருகிருந்து கேட்டே செய்விக்க வேண்டும். ஒட்டி வார்த்த புஷ் சுழலுவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டே அசைவுக்கு இடம் தருகிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை இறுக முடுக்கினால், வண்டி தரையில் நிற்கும் பொழுதெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், விரைவில் கிழிந்துவிடும். ஆகவே நட்டை முதலில் தளர்வாக வைத்து, சக்கரங்களைத் தரையில் ஊன்றி, வண்டியை முன்னும் பின்னும் சிறிது உருட்டி, முன்புறத்தை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்ட பின்னரே முடுக்குக. காட்டர் பின்னும் புதிதாக இருக்கட்டும். அவசரத்தில் ஜாக்கியில் நின்றபடியே முடுக்கித் தந்துவிடுவது பல இடங்களில் வழக்கம். புது ரப்பர் கிழிந்ததும் “சரக்கு மட்டம்” என்று பழி புஷ்ஷின்மேல் விழும்.

பாலியூரிதேன் புஷ்ஷுக்கு இவ்விதி இல்லை. அது தன் குழாயின்மேல் சுழல்வது. அதனாலேயே சிலிக்கான் கிரீஸ் இன்றியமையாதது. உலர்ந்தால் கிரீச்சிடும், அப்போது கழற்றித் துடைத்து மீண்டும் பூச வேண்டும். புழுதியும் மழையும் மிகுந்த ஊர்களில் இவ்வேலை அடிக்கடி நேரும்.

வேலை முடிந்ததும் சக்கர நேர்மையை அளவிடுக. இவ்வண்டிக்கு முன்சக்கரங்கள் உட்புறம் சாய வேண்டிய அளவு 1/16 முதல் 3/32 அங்குலம். கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய 4,800 கிலோமீட்டருக்கு ஒரு முறை, கிரீஸ் ஏற்றுவது வழக்கம். ஏற்றியதும் வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுக. அது சொட்டுச் சொட்டாக இறங்கிப் புது ரப்பரைத்தான் தின்னும். அதே சமயம் ஒரு நெம்புகோலால் மூட்டை அசைத்துப் பார்த்தால் தளர்ச்சி தெரிந்துவிடும்.

பின்புறத் தகட்டு வில்லின் புஷ்களை அடுத்த இதழில் பார்ப்போம்.