ஏசி மட்டும்தான் பழுது... ஹீட்டரையும் ஏன் மாத்தச் சொல்றாங்க? அமெரிக்க வீடுகளில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களைக் கோடைக்காலத்தில் திணறடிக்கும் செலவுகளில் ஒன்று ஏசி. பழுது பார்க்க வரும் டெக்னீஷியன் பல வீடுகளில் சொல்வது இதைத்தான்: "வெளியே இருக்கிற மெஷின் போயிடுச்சு. அதை மாத்தும்போது உள்ளே இருக்கிற ஹீட்டரையும் சேர்த்து மாத்திடுங்க."

குளிர்காலம் முழுக்க ஒழுங்காக ஓடிய ஹீட்டரை ஜூலை மாத வெயிலில் எதற்கு மாற்ற வேண்டும்? பில்லில் பல ஆயிரம் டாலர் கூடுகிறதே, இது வியாபாரத் தந்திரமா? இல்லை, உண்மையிலேயே அவசியமா?

2025-ல் அங்கே ஏசி கேஸ் விதிகள் மாறின. அதே ஆண்டு இறுதியோடு வரிச் சலுகையும் முடிந்துபோனது. அதனால் இந்தக் கேள்வியின் கனம் இப்போது கூடியிருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம ஊர் ஏசிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம வீடுகளில் பெரும்பாலும் அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி. ஓர் அறையில் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாட்டினால் போதும்.

அமெரிக்காவில் கதையே வேறு. அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, சுமார் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இருப்பது முழு வீட்டுக்கும் சேர்த்த ஒரே மைய ஏசி அல்லது ஹீட் பம்ப். சுமார் பாதி வீடுகள் குளிர்காலத்தில் குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கின்றன.

அந்த எரிவாயுவை எரித்துச் சூடான காற்றைத் தரும் பெட்டிதான் 'ஃபர்னஸ்'. வீட்டின் அடித்தளத்திலோ, பரணிலோ, கராஜிலோ இருக்கும். அதிலுள்ள 'புளோயர்' என்ற பெரிய விசிறி, டக்ட் வழியாக எல்லா அறைகளுக்கும் காற்றைத் தள்ளும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோடையில் குளிர்ந்த காற்றைத் தள்ளுவதும் இதே புளோயர்தான். ஏசியின் குளிர் தரும் காயில், ஃபர்னஸ் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஸர் உள்ள மெஷின் வீட்டுக்கு வெளியே இருக்கும். ஆக, ஏசி, ஹீட்டர் என்று பெயர் இரண்டாக இருந்தாலும் விசிறி ஒன்று, டக்ட் ஒன்று, தெர்மோஸ்டாட்டும் ஒன்று.

'மேட்ச்டு சிஸ்டம்' என்றால் என்ன?

வெளி மெஷின், உள் காயில், புளோயர் உள்ள ஃபர்னஸ் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சோதிக்கப்பட்ட ஜோடிதான் மேட்ச்டு சிஸ்டம்.

ஏன் பொருந்த வேண்டும்? ஒரு டன் ஏசிக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று தேவை என்பது இந்தத் தொழிலின் பொதுக்கணக்கு. 3 டன் ஏசி என்றால் 1,200 கன அடி. பழைய புளோயரால் அவ்வளவு தள்ள முடியாவிட்டால் காயிலில் ஐஸ் கட்டும், கம்ப்ரஸருக்குச் சுமை கூடும், கரன்ட் பில் எகிறும்.

அந்நாட்டின் ஏசி, ஹீட்டர் தயாரிப்பாளர்கள் சங்கமான ஏ.ஹெச்.ஆர்.ஐ., எந்த வெளி மெஷினுக்கு எந்தக் காயில், எந்த ஃபர்னஸ் ஜோடி சேரும் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சான்று எண் உண்டு. மெஷினின் திறனைக் காட்டும் 'சீர்2' மதிப்பெண்ணும் இந்த ஜோடிக்குத்தான், தனி மெஷினுக்கு அல்ல. விளம்பரத்தில் இருக்கும் எண் ஒன்று, பொருந்தாத காயிலோடு மாட்டினால் கிடைப்பது வேறொன்று!

2023 ஜனவரி 1 முதல், வீடுகளுக்கான வழக்கமான அளவு மைய ஏசிக்கு வட மாநிலங்களில் குறைந்தது 13.4, வெப்பம் அதிகமுள்ள தென் மாநிலங்களில் 14.3 சீர்2 இருக்க வேண்டும் என்பது விதி.

2025-ல் என்ன மாறியது?

ஏசிக்குள் ஓடும் குளிர்பதன வாயு மாறியது. நாம் "ஏசிக்கு கேஸ் போடணும்" என்போமே, அந்தக் கேஸ்.

இதுவரை அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்தது ஆர்-410ஏ. ஓசோன் படலத்தை அரித்த ஆர்-22 வாயுவுக்கு மாற்றாக வந்தது இது. ஓசோனைக் கெடுக்காது. ஆனால் காற்றில் கசிந்தால், அதே எடை கரியமில வாயுவைவிட 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும்.

2020 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இத்தகைய வாயுக்களின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் 2036-க்குள் 85% குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதன் அடிப்படையில், இந்தச் சூடாக்கும் மதிப்பு 700-க்கு மேல் உள்ள வாயுவைக் கொண்ட புதிய வீட்டு ஏசி சிஸ்டம்களைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் 2025 ஜனவரி 1 முதல் தடை வந்தது.

இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பவை இரண்டு. ஆர்-454பி, அதன் மதிப்பு 466. ஆர்-32, அதன் மதிப்பு 675. இரண்டாவது பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இந்தியாவில் விற்கும் பல ஸ்பிளிட் ஏசிகளில் இருப்பது இதுதான். உங்கள் வீட்டு ஏசியின் ஸ்டிக்கரிலேயே பார்க்கலாம்.

ஒரு சிக்கல்: இந்தப் புதிய வாயுக்கள் இரண்டும் லேசாகத் தீப்பற்றும் தன்மை கொண்டவை. அதனால் காயிலுடன் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் வருகிறது. கசிவு தெரிந்தால் கம்ப்ரஸர் நின்று, புளோயர் ஓடி, வாயுவைக் கலைத்துவிடும். அந்தக் கட்டளையைப் புளோயர் கேட்க வேண்டுமே? எனவே ஃபர்னஸோடு வயரிங் இணைப்பு கட்டாயமாகிறது.

பழைய வாயுவுக்கான மெஷினில் புதிய வாயுவை ஊற்றவும் முடியாது. வெளி மெஷின் ஆர்-454பி என்றால் உள் காயிலும் அதற்கானதாகவே இருக்க வேண்டும். "வெளியே மட்டும் மாத்திக்கலாம்" என்ற வழி பெருமளவு அடைபட்டது இப்படித்தான்.

மாறிய வேகத்தில் தட்டுப்பாடும் வந்தது. 2025 கோடையில் ஆர்-454பி சிலிண்டர்கள் பல ஊர்களில் கிடைக்காமல் விலை ஏறியது.

அப்போ ஹீட்டரையும் மாத்தியே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. காயிலை மாற்றுவது வேறு, ஃபர்னஸை மாற்றுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

ஃபர்னஸுக்கு வயது குறைவு, புளோயருக்குப் போதுமான சக்தி இருக்கிறது, சென்சார் இணைப்புக்கும் வழி இருக்கிறது என்றால் காயிலையும் வெளி மெஷினையும் மட்டும் மாற்றினால் போதும். பழைய ஃபர்னஸோடு இணைக்கும்படியான கண்ட்ரோல் போர்டுடன் வரும் காயில்களும் சந்தையில் உண்டு.

ஃபர்னஸுக்கு 15 வயதைத் தாண்டிவிட்டது என்றால் டெக்னீஷியன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் மாட்டினால் கூலி மிச்சம். இரண்டு வருடம் கழித்து ஃபர்னஸ் போனால், அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் புதுக் காயிலை மறுபடி கழற்ற வேண்டிவரும். பழைய ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டிருந்தால் பேச்சே இல்லை. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து. ஆனால் "விரிசல் இருக்கு" என்று சொன்னால், அதைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.

பழைய ஆர்-410ஏ மெஷின் நன்றாக ஓடுகிறது என்றால் பயப்பட வேண்டாம். அதைப் பயன்படுத்தவோ பழுது பார்க்கவோ தடை இல்லை.

80-ஆ, 95-ஆ?

ஃபர்னஸ் மாற்றுவது என்று முடிவானால் அடுத்த கேள்வி இது. 80% ஃபர்னஸ் என்றால், 100 டாலர் எரிவாயுவில் 80 டாலருக்கான சூடு வீட்டுக்குள் வரும், மீதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். 95% வகை அந்தப் புகையிலிருந்தும் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. மினசோட்டா போன்ற கடுங்குளிர் மாநிலத்தில் இது பெரிய சேமிப்பு. டெக்சாஸில் குளிர்காலமே கொஞ்ச நாள்தான் என்பதால் போட்ட காசை எடுக்க நீண்ட காலம் ஆகலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. 95% வகைக்குத் தனியாகப் பிளாஸ்டிக் குழாயும், நீர் வடிய வழியும் தேவை. பழைய புகைபோக்கியை வாட்டர் ஹீட்டரும் பகிர்ந்துகொண்டிருந்தால், இப்போது அது மட்டும் தனியாக நிற்கும். அந்த அகலமான புகைபோக்கியில் அதன் புகை சரியாக மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பும் அபாயம் இருப்பதால், உள்ளே சிறிய குழாய் போட வேண்டிவரலாம்.

அமெரிக்க எரிசக்தித் துறை 2023-ல் இறுதி செய்த விதிப்படி, 2028 இறுதியிலிருந்து தயாராகும் வீட்டு ஃபர்னஸ்களுக்கு 95% கட்டாயம். எரிவாயுத் துறையினர் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர்.

சலுகை என்ன ஆச்சு?

திறன் மிகுந்த ஏசிக்கு 600 டாலர், ஃபர்னஸுக்கு 600 டாலர், ஹீட் பம்புக்கு 2,000 டாலர் வரை கிடைத்த மத்திய அரசின் வரிச் சலுகை, 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தால் அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடிந்தது. மாநில அரசுகளும் மின் நிறுவனங்களும் தரும் தள்ளுபடி ஊருக்கு ஊர் வேறுபடும். அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

▪ இந்த ஜோடிக்கான ஏ.ஹெச்.ஆர்.ஐ. சான்று எண் என்ன? எழுத்தில் தாருங்கள்.

▪ எத்தனை டன் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? பழைய மெஷினின் அளவைப் பார்த்து மட்டும் சொன்னால் போதாது. ஜன்னல், சுவர், கூரை எல்லாம் சேர்த்து 'மேனுவல் ஜே' முறையில் கணக்குப் போட வேண்டும். தேவைக்குப் பெரிய ஏசி மாட்டினால் அடிக்கடி நின்று நின்று ஓடும், அறையின் ஈரப்பதம் குறையாது.

▪ ஃபர்னஸை மாற்றாமல் காயிலோடு மட்டும் என்றால் எவ்வளவு? இரண்டுக்கும் தனித்தனி விலை.

▪ டக்ட், புகைக்குழாய், நகராட்சி அனுமதிக் கட்டணம் எல்லாம் இதில் அடக்கமா?

ஏசி ஓடாத நாளில், வியர்வையோடு எடுக்கும் முடிவில்தான் பலரும் அதிகம் செலவழிக்கிறார்கள். மெஷினுக்கு 12, 13 வயது ஆகிவிட்டால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வசந்த காலத்தில் மூன்று பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நியூ ஜெர்சியிலோ டல்லாஸிலோ உங்கள் பிள்ளைகள் வீடு வாங்கியிருந்தால், அடுத்த வீடியோ காலில் "உங்க ஃபர்னஸுக்கு வயசு என்னப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.