பதினாலு வயசுல நடக்கிற டிராஃப்ட்

லங்கா பிரீமியர் லீக் வரலாற்றிலேயே சிறந்த வீரர் தெரிவு எது? பேராதனையில் ஹொஸ்டல் அறையில் ஒரு ராத்திரி முழுக்க இதுக்குச் சண்டை பிடித்தோம். 2023 ஏலத்தில் ஜப்னா கிங்ஸ் 92,000 டொலர் கொடுத்து எடுத்த டில்ஷான் மதுஷங்கதான் என்றான் ஒருத்தன். யாழ்ப்பாணத்து நண்பன் யோசிக்கவே இல்லை. "வியாஸ்காந்த், மச்சான். வேற பேச்சே இல்ல."

அவன் சொன்னது சரி. 2020 ஒக்டோபரில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் எடுத்தபோது விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு 18 வயசு. டிசம்பர் 4இல் ஹம்பாந்தோட்டையில் முதல் ஆட்டம், மறுநாள் பிறந்தநாள். முதல் விக்கெட் யாருடையது தெரியுமா? அஞ்செலோ மெத்தியூஸ். 2024இல் அதே பையன் ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசினான். கோடியைக் கொட்டி எடுத்த எந்த நட்சத்திரத்தை விடவும் இது பெரிய தெரிவுதான்.

ஆனா எனக்கு இந்த "சிறந்த தெரிவு" பட்டியல்கள் மேலேயே கோபம் இருக்கு. அது எல்லாப் புகழையும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேர் வாசித்த முதலாளிக்குக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் டொம் பிராடி கதையை எல்லாரும் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், கடைசியில் ஏழு சுப்பர் போல் வென்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 199ஆவது ஆளாக நிற்கவும் முதலில் வரிசைக்குள் வரவேண்டும். பிராடி வந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெரிய அணியிலிருந்து. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கடினப்பந்து கிரிக்கெட் இல்லாமல் இருந்திருந்தால் வியாஸ்காந்தின் பெயர் எந்த மேசைக்கும் போயிருக்காது.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. ஹேவாஹெட்ட. கண்டியில் பஸ் ஏறினால் தலாத்துஓயா தாண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் எங்க பக்கத்து லூல்கந்துரவில்தான்; 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டது. எந்தச் சரிவில் எந்தச் செடி வளரும் என்று அப்போதே அளந்து பார்த்துத் தெரிவு செய்தார்கள். அந்தச் சரிவில் வளரும் பிள்ளைக்கு என்ன திறமை இருக்கு என்று பார்க்க இன்றுவரை யாரும் அளவுகோலோடு ஏறி வரவில்லை.

நான் படித்த தோட்டப் பாடசாலையில் மைதானம் என்று சொன்னது லயத்துக்கு மேலே இருந்த ஒரு துண்டு நிலம். மென்பந்துதான். லெக் பக்கம் அடிச்சா பந்து தேயிலைக்குள்ள போயிரும். தேடி எடுக்கப் போனா கங்காணி ஏசுவார். அதனால் லெக் பக்கம் அடித்தால் அவுட் என்று சட்டம் வைத்திருந்தோம். எங்களோடு ஆடிய ஓர் இடதுகைப் பந்துவீச்சாளர் அண்ணா, அந்த மண்ணிலேயே பந்தை இரண்டு பக்கமும் திருப்புவார். அவர் கடினப்பந்தைக் கையில் பிடித்துப் பார்த்ததே இல்லை. ஓ/எல் முடித்த கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். இப்ப கேட்டால் சிரித்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு எங்க தம்பி" என்பார்.

உடனே ஒருத்தர் எழும்பி, "முரளி வரலையா?" என்று கேட்பார். கேளுங்க, அந்தக் கதையை முழுசாவே சொல்வோம். முத்தையா முரளிதரனின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்தான். ஆனால் முரளி வளர்ந்தது லயத்தில் இல்லை. அப்பாவுக்குக் கண்டியில் பிஸ்கட் தொழில். படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனை 14 வயதில் ஓஃப் ஸ்பின் போடச் சொன்னவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 2010இல் காலியில் விழுந்த 800ஆவது டெஸ்ட் விக்கெட் அந்தப் பயிற்றுநரின் ஒரு பார்வையில் தொடங்கியது. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் சிறந்த வீரர் தெரிவு அதுதான். ஏலமும் இல்லை, டொலரும் இல்லை. முரளியைக் காட்டி எங்களைக் குறை சொல்கிறவர்கள், முதலில் எங்களுக்கும் ஒரு சுனில் பெர்னாண்டோவைக் காட்டட்டும்.

"இது வியாபாரம், தர்மம் இல்லை" என்பது அடுத்த பதில். அமெரிக்கக் கால்பந்தை விடப் பெரிய வியாபாரம் உண்டா? அங்கேயே போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் வாய்ப்பு. பின்தங்கியவனை மேலே இழுத்தால்தான் ஆட்டம் சுவையாக இருக்கும் என்று முதலாளிகளுக்கே தெரிந்திருக்கிறது. நம்ம நாட்டில் பின்தங்கியவன் வரிசையிலேயே இல்லை.

கண்டி அணி டஸ்கர்ஸ், வொரியர்ஸ், ஃபல்கன்ஸ், பி-லவ் கண்டி, மறுபடி ஃபல்கன்ஸ் என்று பேரை மாற்றிக்கொண்டே வந்தது. 2023இல் கிண்ணமும் வென்றது. சந்தோஷம். அந்தக் கண்டிக்குள் கலஹாவும் தெல்தோட்டையும் இருக்கு, கொஞ்சம் மேலே ஹேவாஹெட்டயும் இருக்கு. வருடத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம் ஒரு பயிற்றுநரையும் ஒரு பெட்டி கடினப்பந்தையும் அனுப்புங்கள். வலயத்துக்கு ஒரு தோட்டப் பாடசாலையிலாவது வலையும் விரிப்பும் போடச் சொல்லிக் கல்வித் திணைக்களத்தைக் கேளுங்கள். அணியில் ஓர் இடத்தையாவது மத்திய மாகாணத்துப் பாடசாலைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள்.

அந்த அண்ணாவுக்கு இனி நேரம் போய்விட்டது. ஆனால் அவருடைய தங்கச்சி மகனுக்கு இப்போது 11 வயசு, அவனும் இடதுகைதான். பதினாலுக்கு இன்னும் மூன்று வருசம் இருக்கு.