முதலில் வயரைச் சந்தேகியுங்கள்

இந்தப் பத்தியில் வழமையாகக் கடன், வாடகை, வரி, வட்டமேசைக் கணக்கு என்றுதான் எழுதி வருகிறேன். இவ்வாரம் ஒரு வயரைப் பற்றி எழுதப் போகிறேன். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். அந்த வயரின் காரணமாக, பதினொரு வருடங்கள் என்னோடு உழைத்த ஒரு தம்பியின் முகத்தைப் பார்த்து நான் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

அக்குறணையில் எனக்கு மின்சாதனப் பொருட்களின் மொத்த வியாபாரம். பல்ப், சுவிட்ச், பிளக், வயர் என்று சிறு கடைகளுக்குக் கொடுக்கிறோம். அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் போய் ஓடர் எடுத்து வருவார். மறுநாள் லொறி பொருட்களைக் கொண்டுபோகும். மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, வத்தேகம, பன்வில, தெல்தெனிய என்று அவருடைய சுற்று நீளமானது. பிரதான வீதியிலுள்ள கடைகளை யாரும் கண்டுபிடிக்கலாம். தோட்டப் பாதைக்குள் திரும்பி, பாலம் தாண்டி, மேட்டில் இருக்கும் கடையை அவ்வாறு கண்டுபிடிக்க முடியாது. லாபம் பெரும்பாலும் அந்த மேட்டுக் கடைகளில்தான் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த என் மச்சான் சில வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் பூட்டும் ஜி.பி.எஸ். கருவியொன்றைக் கொண்டுவந்து தந்தார். மழை பட்டாலும் பழுதாகாது. கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும். வரைபடம் கருவிக்குள்ளேயே இருப்பதால் தொலைபேசி சிக்னல் இல்லாத மலைப்பகுதியிலும் வழி காட்டும். தம்பி ஒவ்வொரு கடையின் முன்னாலும் நின்று அந்த இடத்தைக் கருவியில் குறித்து வைத்தார். அப்படி நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட கடைகள். மாதத்துக்கொரு முறை அதைக் கடை மடிக்கணனியில் இணைத்து, லொறிச் சாரதிக்குப் பட்டியல் எடுத்துக் கொடுப்போம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு உதவி நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். எமது பழைய மடிக்கணனி விண்டோஸ் 11ஐ ஏற்கும் நிலையில் இல்லை. பற்றுச்சீட்டுகளையும் கணக்குகளையும் கவனமாகப் பிரதி எடுத்துக்கொண்டு, பழையதைக் கொடுத்துப் புதியது எடுத்தோம். கடைகளின் இடக்குறிப்புகள் வேறொரு மென்பொருளின் கோப்புறைக்குள் கிடந்தன. அவை எவருடைய நினைவுக்கும் வரவில்லை. பழைய பையோடு அந்தக் கருவியின் வயரும் போய்விட்டது.

இரண்டு வாரங்களுக்குப் பின் தம்பி வந்து, "நானா, கட்டாருக்கு விசா வந்திருக்கு. அடுத்த மாசம் போக வேணும்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. புதுப் பையனுக்கு அத்தனை கடைகளையும் யார் காட்டுவது? கருவியில் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு வயரை எடுத்துப் புதிய மடிக்கணனியில் மாட்டினேன். கருவியில் வெளிச்சம் வந்தது. மின்கலம் ஏறும் அடையாளமும் வந்தது. மடிக்கணனியோ எதுவும் காட்டவில்லை. வயரைக் கழற்றி மீண்டும் மாட்டினேன். மறு பக்கத்துத் துளையில் மாட்டினேன். கணனியை நிறுத்தி மீண்டும் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

கண்டியில் ஒரு கடையில் காட்டினேன். வயரையே பார்க்காமல், உள்ளே போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். அன்றிரவு என் புத்தி வேறு திசையில் ஓடியது. போகிற ஆள் ஏதோ செய்திருக்கிறார், கடைகளை வேறு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை கடையில் ஆட்கள் இருக்கும்போதே, "இதுக்குள்ள என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை. ஓடர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பிற்பகல் முன் கடையில் தொலைபேசி திருத்தும் பையன் வந்தார். வயரைக் கையில் எடுத்துப் பார்த்தவுடன், "நானா, இது சார்ஜ் பண்ணுற வயர். இதால தகவல் போகாது" என்றார். நான் நம்பவில்லை. வயரை வெட்டிக் காட்டினார்.

சாதாரண யூ.எஸ்.பி. வயரில் நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. மலிவான சார்ஜ் வயர்களில் பின்னைய இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கருவிக்கு மின்சாரம் கிடைப்பதால் வெளிச்சம் வரும், எல்லாம் சரி என்று தோன்றும். என் வயரில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருந்தன. இருபத்தைந்து வருடமாக வயர் விற்பவன் நான்!

சில நூறு ரூபாவுக்குத் தகவல் வயர் ஒன்று வாங்கி மாட்டினோம். அப்போதும் முழுமையாகச் சரிவரவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு தடையும் தானாகவே தன் பெயரைச் சொன்னது. அந்த ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். மோட்டார் சைக்கிள் ஜி.பி.எஸ். இல்லாதவர்களுக்கும் இது உதவும். பார்கோட் வாசிக்கும் கருவி, பில் அச்சிடும் சிறு இயந்திரம், சீசீடீவிப் பெட்டி எல்லாவற்றிலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலாவது வயர். கருவியோடு வந்த வயர் இல்லையென்றால், தகவல் போகும் என்று உறுதியான இன்னொன்றால் சோதியுங்கள். இரண்டாவது துளை. மோட்டார் சைக்கிளில் இருக்கும் கருவியின் இறப்பர் மூடிக்குள் தூசியும் ஈரமும் சேர்ந்து ஊசிகளில் பாசி பிடிக்கும். காய்ந்த மென்மையான தூரிகையால் துடையுங்கள். குண்டூசியால் சுரண்ட வேண்டாம். மூன்றாவது, இடையில் இருப்பது. புதிய மடிக்கணனிகள் பலவற்றில் டைப்-சி துளைகள்தான் அதிகம். பழைய கருவிக்கு மாற்றியோ, பல துளைப் பெட்டியோ தேவைப்படுகிறது. நேரடித் துளை ஒன்றாவது இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். எங்களுக்கு இரண்டாவது தடை அங்கேதான் இருந்தது. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நேரே மாட்டியதும் கணனி மணியடித்தது.

நான்காவது, கருவியின் திரை. வயர் மாட்டியதும் சில கருவிகள் கணனியோடு சேரவா, வரைபடம் காட்டவா என்று கேட்கும். நாம் கணனியையே பார்த்துக்கொண்டிருப்போம். ஐந்தாவது, கணனியில் தேடும் இடம். பழைய கருவிகள் பென் டிரைவ் போல ஓர் எழுத்தோடு தோன்றும். புதியவை சில தொலைபேசியைப் போல எழுத்தில்லாமல் தோன்றும். ஈ, எஃப் என்று தேடிவிட்டு வரவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். இதை ஃபோர்மட் செய்யவா என்று கணனி கேட்டால், ஒருபோதும் ஆம் என்று அழுத்தாதீர்கள். அந்த ஒரு அழுத்தத்தில் வருடக்கணக்கான உழைப்பு போய்விடும்.

ஆறாவது ட்ரைவர். நான் சொல்வது கருவியைக் கணனிக்கு அறிமுகம் செய்யும் மென்பொருளை. டிவைஸ் மனேஜர் பட்டியலில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் குறை அங்கே இருக்கிறது. இதில் ஒரு புதிய விடயத்தை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது விற்கப்படும் சில விண்டோஸ் மடிக்கணனிகள் வழமையான இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் அல்லாமல், ஆர்ம் வகைச் சில்லுகளில் இயங்குகின்றன. மின்கலம் நீண்ட நேரம் நிற்கும், நல்ல இயந்திரங்கள்தான். பழைய மென்பொருட்கள் பலவும் அவற்றில் ஓடும். ஆனால் பழைய ட்ரைவர்கள் ஓடமாட்டா. அந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்ட ட்ரைவர் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் உங்கள் கருவி அதில் இணையாது.

பழைய கருவி வைத்திருப்போருக்கு இன்னொரு எச்சரிக்கை. ஜி.பி.எஸ். செய்மதிகள் வாரத்தை எண்ணும் முறையில் 1024 வாரங்களுக்கு ஒருமுறை எண் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6ஆம் திகதி. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில அதனால் ஏறத்தாழ இருபது வருடம் முந்திய திகதியைக் காட்டக்கூடும். பயணப் பதிவில் திகதி பிழையென்று எவருடைய சம்பளத்தையும் வெட்டிவிட வேண்டாம்.

கருவி திறந்ததும் நூற்றெழுபத்துச் சொச்சம் கடைகளும் அப்படியே இருந்தன. எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை. அவற்றை ஜி.பி.எக்ஸ். என்ற பொதுவான கோப்பு வடிவில் எடுத்தோம். 2002 முதல் பாவனையில் இருக்கும் இவ்வடிவம் ஒரு நிறுவனத்தின் கருவிக்கு மட்டும் உரியதல்ல. வேறு கருவிகளும் தொலைபேசிச் செயலிகள் பலவும் அதை வாசிக்கும். ஒரு பிரதி கணனியில், ஒன்று என் மகளின் வீட்டில், ஒன்று அச்சுத்தாளில். பிங்கா ஓயா பெருகினால் எங்கள் பஸாரில் எது மிஞ்சும் என்று சொல்ல முடியாது அல்லவா?

எல்லாம் தொலைபேசியில் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொலைபேசியில் செய்பவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். அந்த இடங்கள் யாருடைய கணக்கில் சேமிக்கப்படுகின்றன? ஊழியரின் சொந்த இலக்கத்திலும் சொந்த மின்னஞ்சலிலும் என்றால், அவர் போகும் நாளில் உங்கள் வியாபாரத்தின் பாதியும் அவரோடு விமானம் ஏறும். அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. கடையின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுக்காதது முதலாளியின் குற்றம்.

புதிய இயந்திரம் வாங்கும்போது விலைச்சீட்டில் உள்ள தொகையை மட்டும் நாம் பேரம் பேசுகிறோம். கடையில் உள்ள எந்தெந்தக் கருவி அதில் மாட்டப்பட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, முடிந்தால் அவற்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவதே முறை. எல்லாவற்றையும் மாட்டித் திறந்து பார்க்கும் வரை பழையதைக் கொடுக்காதீர்கள். அதற்குக் கிடைக்கும் தொகை, இழந்த ஒரு நாள் ஓடருக்கு ஈடாகாது.

அன்று மாலையே தம்பியின் வீட்டுக்குப் போனேன். கடையில் ஆட்கள் முன்னிலையில் சொன்னதால், மறுநாள் அதே ஆட்கள் முன்னிலையில் மன்னிப்பும் கேட்டேன். அவர் பயணத்துக்கு முன் நான்கு நாட்கள் புதுப் பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முழுச் சுற்றையும் காட்டினார். எந்தக் கடையில் சம்பள வாரத்தில்தான் காசு கேட்க வேண்டும், எந்த ஆச்சிக்குக் கடன் கொடுத்தால் சொன்ன நாளில் தருவார், எந்தக் கடையில் அப்பாவிடம் பேச வேண்டும், எந்தக் கடையில் மகனிடம் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாராம். அவை எதுவும் கருவியில் இருக்கவில்லை. புதுப் பையன் அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியையும் பிரதி எடுத்துவிட்டோம்.

வெட்டிய வயர் இன்னும் என் காசுப்பெட்டிக்குள் கிடக்கிறது. எவர் மீதாவது கோபம் வரும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.