மஞ்சளித்த திரை

திருச்சுழியில் ஒரு கல்யாணத்திற்குப் போய்த் திரும்புகையில், அருப்புக்கோட்டையில் நெசவாளர் ஒருவர் வீட்டில் சிறிது இளைப்பாற நேர்ந்தது. வெளியே கரிசல் வெயில். உள்ளே அதனினும் கடுமையான விசனம்.

வியாபாரி அனுப்பிய மாதிரியைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து, சேலைக் கரைக்குரிய நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டார் நண்பர். வியாபாரி கேட்டதோ வாடாமல்லி! நூலும் கூலியும் வீணாயின.

"சில நாட்களாகவே திரை மஞ்சளாய்த்தான் இருக்கிறது, ஐயா. அதற்கு வயதாகிவிட்டது. வட்டிக்கு வாங்கியாவது புதிதாக ஒன்று வைக்க வேண்டும்" என்றார் அவர். கடன் வாங்குமுன் காரணத்தைக் கண்டுபிடிப்போமே என்றோம் நாம்.

சாயத் தொட்டியின் நியாயம் வேறு. ஒளியின் நியாயம் வேறு. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கூடினால் வெள்ளை. நீலம் விலகினால் மஞ்சள். பச்சை விலகினால் வாடாமல்லி. சிவப்பு விலகினால் நீலப்பச்சை. ஆகவே திரை மஞ்சளித்தால், மஞ்சள் மிகுந்துவிட்டது என்பதன்று பொருள். நீலம் வந்து சேரவில்லை என்பதே பொருள். வாடாமல்லியில் உள்ள நீலம் மறைய, சிவப்பு மாத்திரம் நின்று நண்பரை ஏமாற்றிவிட்டது.

குற்றம் எங்கே? திரையிலுள்ள பொத்தானை அமுக்கினால் அதன் சொந்தப் பட்டியல் தோன்றும். அதன் வர்ணமும் கெட்டிருந்தால் திரையைச் சந்தேகிக்கலாம். பட்டியல் ஒழுங்காயிருந்து படம் மாத்திரம் கெட்டிருந்தால், கோளாறு கம்பியிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. இங்கே பட்டியல் பளிச்சென்றிருந்தது.

இரண்டையும் நிறுத்திக் கம்பியைக் கழற்றினோம். 1987-ஆம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனி கொணர்ந்த வி.ஜி.ஏ. முறையில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம். ஒன்பதாவது ஊசி பல கம்பிகளில் பிறவியிலேயே இராது. அதைக் கண்டு அஞ்ச வேண்டா. நண்பரின் கம்பியில் மூன்றாவது ஊசி மடங்கிக் கிடந்தது. மெல்ல நிமிர்த்திப் பொருத்தி, இரு திருகுகளையும் முடுக்கினோம். வெள்ளை வெள்ளையாயிற்று! ஊசி நேராயிருந்தும் குறை தீராவிடில், வேறு கம்பி மாட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் 'இரவு ஒளி' ஏற்பாடு இயங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

கண்ணாடிக் குழல் வைத்த பழந்திரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மூலையில் மாத்திரம் வர்ணத் திட்டு விழுந்தால், அருகிலுள்ள ஒலிபெருக்கியின் காந்தத்தை விலக்குங்கள். திரையை அரைமணி நேரம் அணைத்து ஆறவிட்டு மீண்டும் போடுங்கள். பெரும்பாலும் தானே காந்தம் நீக்கிக்கொள்ளும். பெட்டியை மாத்திரம் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உயிரைக் குடிக்கும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும்.

கடன் தப்பியது; ஆயினும் சிவப்பேறிய நூல் மீளாது. பழுதற்ற திரையும் நூலின் நிறத்தை அப்படியே காட்டுவதில்லை. சாயம் ஏற்றுமுன் மாதிரி நூலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுவதே உத்தமம்.