ரேடியோ பழுதானால் விதிப்படியே பறக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

தென் ஜொகூரில் சிறு விமானம் ஓட்டுவோரின் சங்கம் என்ற முறையில் இதை வெளியிடுகிறோம். கட்டுப்பாட்டு வான்வெளியில் ரேடியோ தொடர்பை இழந்த விமானி, வேறு ஆபத்து இல்லாதவரை, விதிகளில் உள்ள நடைமுறையையே பின்பற்ற வேண்டும். அது கைவர, ஆண்டுதோறும் பயிற்சி கட்டாயமாக வேண்டும்.

ஜொகூரில் ஏன் கூடுதல் கவனம்?

ஜொகூரின் செனாய், சிங்கப்பூரின் செலேத்தார், சாங்கி ஆகிய மூன்று விமான நிலையங்களும் அருகருகே உள்ளன. 1974-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, தென் ஜொகூர் வான்வெளியின் ஒரு பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைச் சிங்கப்பூர் கவனிக்கிறது. 2008 ஜனவரி 22 அன்று, பயணத் திட்டம் பதியாமல் கோ சாமுயிலிருந்து வந்த ஒரு செஸ்னா 208 சிங்கப்பூர் வான்வெளிக்குள் நுழைந்தது. எஃப்-16 விமானங்கள் விரைந்து எழும்பின. சாங்கி 50 நிமிடம் மூடப்பட்டது. அதற்குக் காரணம் ரேடியோ பழுது அல்ல. ஆனாலும், நோக்கம் தெரியாத சிறு விமானத்தை இங்கே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

விமானி செய்ய வேண்டியவை

1. ஒலியளவு, ஹெட்செட் இணைப்பு, அலைவரிசை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். முந்தைய அலைவரிசையிலும் அவசர அலைவரிசையான 121.5-இலும் அழைத்துப் பார்க்க வேண்டும்.

2. பலன் இல்லையென்றால், டிரான்ஸ்பாண்டரில் ரேடியோ பழுதைக் குறிக்கும் 7600 குறியீட்டை வைக்க வேண்டும். பதில் கேட்காவிட்டாலும் தன் இடத்தையும் நோக்கத்தையும் அறிவிக்க வேண்டும். ரேடியோவின் அனுப்பும் பகுதி மட்டும் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

3. வானம் தெளிவாக இருந்தால், மேகத்துக்குள் போகாமல் அருகிலுள்ள பொருத்தமான நிலையத்தில் இறங்கி, உடனே தகவல் தர வேண்டும்.

4. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பவர், ரேடார் கண்காணிப்புள்ள பகுதியில், கடைசியாகத் தரப்பட்ட வேகத்தையும் உயரத்தையும் 7 நிமிடம் காத்து, பிறகு பயணத் திட்டப்படி செல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி.

5. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் விளக்கைக் கவனிக்க வேண்டும். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: வழிவிட்டு வட்டமிடுக. விட்டுவிட்டு எரியும் சிவப்பு: நிலையம் பாதுகாப்பற்றது, இறங்காதீர். பகலில் இறக்கைகளை அசைத்தும் இரவில் விளக்கை இருமுறை மின்னவிட்டும் பதில் சொல்ல வேண்டும்.

கைப்பேசி போதாதா?

எங்கள் உறுப்பினர்களில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். கைப்பேசியைப் பயன்படுத்தலாம், ஆனால் 7600 வைத்த பிறகே. உயரத்தில் சிக்னல் கிடைக்கும் என்ற உறுதியில்லை; எண்ணைத் தேடும் நேரத்தில் விமானத்தை ஓட்டும் கவனம் சிதறும். பேச முடியாத விமானம் அடுத்து என்ன செய்யும் என்று கணித்தே கட்டுப்பாட்டு அதிகாரி மற்றவற்றை விலக்குகிறார். விமானி விதியை மீறினால் அந்தக் கணிப்பு தவறிவிடும்.

எங்கள் கோரிக்கைகள்

மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம், விளக்குச் சமிக்ஞைப் பயிற்சியை ஆண்டுதோறும் கட்டாயமாக்க வேண்டும். இரு நாட்டுக் கட்டுப்பாட்டு மையங்களும் இணைந்து, தென் ஜொகூருக்கான ஒரு பக்கக் கையேட்டை வெளியிட வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் இந்த நடைமுறையை முதல் தனிப்பறப்புக்கு முன்பே கற்பிக்க வேண்டும்.

விமானிகளே, அடுத்த முறை கிளம்பும் முன் இந்த ஐந்து படிகளையும் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், படித்துவிட்டுப் பறக்கச் செல்லுங்கள்.